சந்தனம் அப்பிய சங்கீதம்

உறுவையாறு கிராமத்தில் உலகநாதன் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பை விடும்போதே குரலையும் அங்கே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கூடத்தில் சங்கீதப் பெட்டி இருந்தது. அது பாடாமல் சும்மா இருக்கும்போதும் அதன் முன்னால் யாரும் பலமாகத் தும்மக் கூடாது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் சேவகம் செய்து, 1963-ல் பென்ஷனோடு ஊர் திரும்பியவர் உலகநாதன். அந்தப் பதினெட்டில் பதினான்கு வருஷம் அவர் உருளைக்கிழங்குக் கிடங்கைக் காவல் காத்தார் என்பது மனைவி கஸ்தூரிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஊருக்கு அவர் முசியே. அந்தக் காலத்தில் வெள்ளைக்கார துரைகளைக் கூப்பிட்டது போலத் தன்னையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்.

கப்பலில் வந்த சாமான்களோடு மின்சாரத்தில் ஓடும் ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஏழு இசைத்தட்டுகளும் இறங்கின. தட்டுகளை பாரீசில் ஒரு பிரபுவின் விதவை அன்பளிப்பாகக் கொடுத்தாள் என்பது உலகநாதனின் வாக்குமூலம். பக்கத்து முகாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன், ஊருக்குக் கிளம்பும் அன்று மூட்டை கனக்கிறதென்று கிடங்கு வாசலில் வைத்துவிட்டுப் போனான் என்பதுதான் உண்மையில் நடந்தது. ஆனாலும் வெள்ளைக்காரன் தட்டில் அடைத்தது எதுவாயினும் அது உயர்ந்த சங்கீதமாகத்தான் இருக்கும் என்பதில் உலகநாதனுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

பெட்டி வந்த வாரம் ஆயுத பூஜை. வண்டிக்கும் ஏருக்கும் அரிவாள்மணைக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கஸ்தூரி, பெட்டிக்கும் வைத்தாள். சீமைச் சாமான் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே அப்பினாள். மூலையில் இருந்த சின்ன விசையும் அதைச் சுற்றி இருந்த எண்களும் சந்தனத்துக்குள் மறைந்தன. அப்புறம்தான் முதல் தட்டு ஓடியது. அடுத்த வருஷம் அதன் மேல் இன்னொரு பூச்சு. பதினோரு ஆயுத பூஜை முடிந்தபோது அந்த மூலையில் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வந்தவர்களில் சிலர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் செய்தார்கள்.

பெட்டியிலிருந்து வந்த சங்கீதம் அதற்கேற்றாற்போல் கம்பீரமாக இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து ஒருவன் இழுத்து இழுத்து முனகுவான். பின்னால் தந்தி தளர்ந்த ஏதோ ஒன்று டொய்ங்... டொய்ங்... என்று விழும். கூடவே, கன்று போட முடியாத எருமை மாதிரி ஒரு வாத்தியம் கதறும். ஒரு பக்கம் முடிய நாற்பது நிமிஷம்.

"இது துக்கம்," என்று உலகநாதன் விளக்குவார். "சாதாரண துக்கம் இல்ல. ராஜா செத்துப்போன துக்கம். நம்ப ஆளுங்களுக்கு இது புரிய நாலு தலைமுற ஆவும்."

வில்லியனூர் சுப்புராயனுக்கு மட்டும் புரிந்துகொள்ள அவ்வளவு காலம் ஆகவில்லை. அவரும் பென்ஷன்காரர். ஒரு ஜெனரலோடு கை குலுக்கியவர். குலுக்கிய கையைத் தனியாக வைத்திருப்பவர் போல எப்போதும் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருப்பார். அவர் ஒருமுறை தட்டின் அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "தொப்பி போட்ட நாலு பேரும் பிரபுங்கதான், ஒத்துக்கறேன். பின்னால வைக்கப்போர் தெரியுதே, முசியே?" என்றார்.

"பிரபு வூட்டு வைக்கப்போர்," என்றார் உலகநாதன். சுப்புராயன் அட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

ஒவ்வொரு ஜூலை பதினாலாம் தேதியும், பிரெஞ்சு தேசிய தினத்தன்று, பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கொடி ஏற்றி முடிந்ததும், வட்டாரத்துப் பென்ஷன்காரர்கள் கோட்டும் பதக்கமுமாக டாக்சிகளில் உறுவையாற்றுக்கு வந்து, உலகநாதன் கூடத்தில் உட்கார்ந்து இந்தத் துக்கத்தை அனுபவிப்பார்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவராக இருந்த அஜுதான் வீரப்பன் போன வருஷம் காலமானார். பட்டாளத்தில் அஜுதான் என்ற அவ்வளவு பெரிய பதவி பார்த்தவர் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதால், சாவுக்கு உலகநாதனின் பெட்டியையே கொண்டுபோய் வைத்தார்கள். புங்க மரத்தில் குழாய் கட்டி, மைக்கைப் பெட்டியின் முன்னால் பிடித்தவர் வில்லியனூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த அப்துல் கனி. பெட்டியைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. பறைக்காரர்கள் கூட அடிப்பதை நிறுத்திவிட்டு, இது என்ன வேதனை என்று நின்று கேட்டார்கள்.

வீரப்பனின் மனைவி தையலம்மாளை எல்லோரும் மதாம் என்பார்கள். "என் வூட்டுக்காரர ராஜா மாதிரி அனுப்பி வச்ச, உலகநாதா," என்று அன்றைக்கு அவள் சொன்னதை உலகநாதன் மறக்கவில்லை. காரணம் இருந்தது. வருஷ திதி முடியும் வரை தலைவர் நாற்காலி காலி. முடிந்ததும் மதாம் யார் பேரைச் சொல்கிறாளோ அவரே தலைவர் என்று சங்கம் தீர்மானித்திருந்தது. தலைவருக்கு என்ன கிடைக்கும்? பதினாலாம் தேதி, மூவர்ண நாடா கட்டிய மலர் வளையத்தை முன்னால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அவ்வளவுதான். பதினோரு வருஷமாக உலகநாதன் அந்த வளையத்தைக் கனவில் தூக்கிக்கொண்டிருந்தார். திதி ஜூலை பத்து. பதினாலாம் தேதி அவர் வீட்டுக் கூடத்திலேயே மதாம் பெயரை அறிவிப்பதாக ஏற்பாடு.

மே மாசம் பெட்டி நின்றுபோனது.

அப்துல் கனி சைக்கிளில் வந்து பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். "உள்ள ரப்பர் சக்கரம் தேஞ்சி போச்சு, முசியே. மாத்திரலாம். இந்த விசைய நவுத்துனாத்தான் சக்கரம் வெளிய வரும். ஆனா விசை எங்க கீதுன்னே தெரியலியே. இது இன்னா, சிமென்ட்டா?"

"சந்தனம்," என்றாள் கஸ்தூரி.

கனி ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். அரை மணி நேரம் சுரண்டினார். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு நிறத்தில் பெயர்ந்து வந்தது. கடைசியில் விசை தெரிந்தது. அதன் பக்கத்தில் நாலு எண்கள்: 16, 33, 45, 78. விசை பதினாறில் நின்றது.

கனி தட்டை எடுத்து நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். முப்பத்து மூன்று என்று போட்டிருந்தது. ஒருமுறை உலகநாதனின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"முசியே, தப்பா நெனச்சிக்காதீங்க. இது இத்தினி வருஷமா பாதி வேகத்துலதான் ஓடிக்கினு இருந்துச்சி."

"இன்னாய்யா ஒளறுற?"

கனி சைக்கிள் பையிலிருந்து புதுச் சக்கரம் ஒன்றை எடுத்தார். அதை மாட்டி, விசையை முப்பத்து மூன்றுக்குத் தள்ளி, முள்ளை வைத்தார்.

கூடத்துக்குள் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையை அவிழ்த்துவிட்டது போல் ஆயிற்று. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற வேகத்தில் ஒரு வாத்தியம் பொழிந்தது. அதன் மேல் வயலின் ஒன்று வாலில் பட்டாசு கட்டிய மாதிரி ஓடியது. மாண்டலினும் கிட்டாரும் அதைத் துரத்தின. கிணற்றுக்குள் முனகிக்கொண்டிருந்த ஆசாமி மேலே ஏறி வந்து, மூக்காலும் தொண்டையாலும் உச்சஸ்தாயியில் கூவினான். அவன் கூடவே இன்னும் இரண்டு பேர் கூவினார்கள். ராஜா செத்த துக்கம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

"நிறுத்து! நிறுத்துய்யா!" என்று கத்தினார் உலகநாதன்.

கனி நிறுத்தவில்லை. காதில் விழவில்லை என்பது காரணம் இல்லை. இருபது வருஷமாக ஊரார் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாட்டுப் போட்டு, எந்தப் பாட்டையும் சத்தமாக மட்டுமே கேட்டுப் பழகிய மனிதர் அவர். இன்றைக்கு வாயைப் பிளந்து, ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு தானாக முடிந்தது.

"யா அல்லா," என்றார் கனி மெதுவாக. "இத்தினி நாளும் இவங்கள உள்ள கட்டிப் போட்டு வச்சிருக்கோமே, முசியே!"

உலகநாதன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டார். கஸ்தூரிதான் முதலில் கவனித்தாள். "இன்னாங்க, உங்க காலு ஆடுது."

"கொசு."

"பகல்ல ஏது கொசு?"

அன்றைக்கு இரண்டு பக்கமும் கேட்டார்கள். நாற்பது நிமிஷம் ஆகும் பக்கம் இருபதில் முடிந்தது. அப்புறம் கனி அட்டையைத் திருப்பி, ஆம்ப்ளிஃபையர் புத்தகங்களில் கற்ற ஆங்கிலத்தால் விரல் வைத்துப் படித்தார். அமெரிக்கா. மலைக்காட்டுப் பக்கம். கன்ட்ரி, புளூகிராஸ் என்று இந்தப் பாட்டுக்குப் பெயர். ஆலங்கட்டி மழைக்கு பாஞ்சோ என்று பெயர்.

"தொப்பி போட்ட இந்த நாலு பேரும் இன்னா பிரபுங்க?" என்று கேட்டார் உலகநாதன், அடிமனசில் மிச்சமிருந்த நம்பிக்கையோடு.

"ரெண்டு பேரு சோளம் வெதைக்கிற குடியானவங்க. ஒர்த்தரு மாடு மேய்ச்சவரு. ஓரத்துல நிக்கிறவரு ரயில் ரோட்டுல கட்டை தூக்கினவரு."

"மாடு மேய்க்கிறவனா?"

"அட்டையில போட்டிருக்கு, முசியே."

உலகநாதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நான் கும்பிட்டு ஒக்கார வச்சது மாட்டுக்காரனுங்களையா?"

"அதான் பின்னால வைக்கப்போரு," என்றாள் கஸ்தூரி.

இந்த விஷயம் வெளியே போகக் கூடாது என்று கனியிடம் சத்தியம் வாங்கினார். கனி ஒரு நிபந்தனை போட்டார்: வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வருவேன், சரியான வேகத்தில் கேட்கவிட வேண்டும். உலகநாதன் பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார். வியாழக்கிழமையே தட்டுகளைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்பதை கஸ்தூரி யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் மாசம் முழுக்க அந்த வீட்டின் ஜன்னல்கள் பட்டப்பகலில் சாத்திக் கிடந்தன. உள்ளே மூன்று பேர் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டில் ரயில் வந்தது, வயலின்தான் ரயில். ஒரு பாட்டில் ஒருவன் தன் கோவேறு கழுதையைப் புகழ்ந்து பாடினான். அம்மாவை விட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன ஒருவன் பாட்டு முடிந்தும் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. முள் தட்டின் நடுவுக்கு வந்து கரகரவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. அதுவும் துக்கம்தான். ஆனால் அதற்கு விளக்கம் சொல்ல உலகநாதனுக்குத் தோன்றவில்லை. பாஞ்சோவைத் தொடையில் வாசித்து வாசித்து வேட்டியில் ஒரு பக்கம் நைந்தே போனது.

பின்பக்கக் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த ஆண்டாள் மட்டும் ஒருநாள் வேலியருகே நின்று கேட்டாள்: "கஸ்தூரிம்மா, உள்ள இன்னா, ஆடுறீங்களா?"

"மாவு அரைக்கிறோம்," என்றாள் கஸ்தூரி.

வீரப்பன் சாவன்று தையலம்மாள் வீட்டில் போட்ட பாட்டு எது என்பதை ஜூலை முதல் வாரம்தான் கண்டுபிடித்தார்கள். நாலாவது தட்டு, முதல் பாட்டு. கனி காதைக் குவித்துக் கேட்டார். முகம் வெளுத்தது.

"இன்னாய்யா?"

"கோழி, முசியே."

"கோழியா?"

"இவன் கோழி திருடு போச்சாம். மலை முழுக்கத் தேடுறானாம். அதான் பாட்டு."

உலகநாதன் பெட்டியை மூடினார். "சத்தியம் ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

பதினாலாம் தேதி வந்தது. கூடத்தில் இருபத்து மூன்று பென்ஷன்காரர்கள் பதக்கம் குத்தி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் தையலம்மாள். அவள் பக்கத்தில் சுப்புராயன், இஸ்திரி போட்ட கைக்குட்டையோடு. அழுகையில் உலகநாதனை ஜெயிப்பது என்று தீர்மானித்து வந்திருந்தார். மைக் பிடிக்க வந்த கனி மூலையில் நின்றார். சுரண்டிய இடத்தில் கஸ்தூரி புதுச் சந்தனம் வைத்திருந்தாள். விசை பதினாறில் இருந்தது.

"ராஜா செத்துப்போன துக்கம்..." என்று உலகநாதன் வழக்கம் போல் ஆரம்பித்தார். குரலில் வழக்கமான கனம் இல்லை.

தையலம்மாள் கையை உயர்த்தினாள். "எங்க வூட்ல போட்டியே, அதையே போடு. அதக் கேட்டுட்டு பேரச் சொல்லிடுறேன்."

அவள் தன்னைப் பார்த்துத் தலையசைத்ததை உலகநாதன் கவனித்தார். சுப்புராயனும் கவனித்தார். வளையம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நாலாவது தட்டை வைத்தார்.

முனகல் எழுந்தது. டொய்ங்... டொய்ங்... எருமை கதறியது. பென்ஷன்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். உலகநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடுகிற குதிரையின் நாலு காலையும் கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பது போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்.

அப்போதுதான் சுப்புராயன் விசும்பினார். முதலில் மெல்ல, பிறகு தோள் குலுங்க. கைக்குட்டையைக் கண்ணில் வைத்து, "ஐயோ, தலைவரே! போயிட்டீங்களே!" என்று அரற்றினார். காணாமல் போன கோழிக்கு இருபத்து மூன்று பதக்கங்கள் அஞ்சலி செலுத்தின.

உலகநாதனுக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. இருமினார். தொண்டையைச் செருமினார். மூலையில் கனி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வதைப் பார்த்தார். அவ்வளவுதான். உலகநாதன் வெடித்துச் சிரித்துவிட்டார்.

கூடம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. பெட்டி மட்டும் முனகியது.

"எதுக்குச் சிரிக்கிற, உலகநாதா?" என்றாள் தையலம்மாள்.

"ஒண்ணுமில்ல, மதாம். துக்கம் முத்திப்போச்சுன்னா..."

அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. அது பொய்யினாலா, பாட்டினாலா என்று சொல்ல முடியாது. கை தானாக நீண்டது. சந்தனத்துக்குள் விரல் புதைந்து விசையைத் தள்ளியது.

ஆலங்கட்டி மழை கொட்டியது. பின்வரிசைக் கிழவர் ஒருவரின் முழங்கால் துள்ளியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார், பிடித்த கைகளும் சேர்ந்து துள்ளின. யார் யாருடைய பதக்கங்களோ கிணுகிணுத்தன. சுப்புராயனுக்கு அடுத்த விசும்பலை எந்தத் தாளத்தில் விடுவதென்று தெரியவில்லை.

"மிஷின் கெட்டுப்போச்சு! நிறுத்து!" என்று எழுந்தார்.

"மிஷின் இப்பதான்யா சரியா ஓடுது," என்றார் உலகநாதன். "பதினோரு வருஷமா சந்தனத்துல மாட்டிக்கினு பாதி வேகத்துல ஓடிச்சி. இது ராஜா பாட்டு இல்ல. அமெரிக்காவுல மலைக் குடியானவங்க பாட்டு. பிரபு பொண்டாட்டி எனக்கு ஒண்ணும் குடுக்கல. உருளக்கெழங்கு கெடங்கு வாசல்ல அமெரிக்கப் பட்டாளத்து சொல்தா ஒர்த்தன் வச்சிட்டுப் போனான். நான் உள்ள கெழங்கு எண்ணிக்கினு இருந்தேன்."

கடைசி வரியைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கஸ்தூரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தையலம்மாள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "அப்ப என் வூட்டுக்காரருக்குப் போட்டது இன்னா பாட்டு?"

உலகநாதன் கனியைப் பார்த்தார். கனி மைக் ஒயரை ஆராய்ந்தார்.

"கோழி... கோழி காணாமப் போன பாட்டு, மதாம்."

அவள் எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். "சுப்புராயன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, டாக்சியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

புதிய தலைவர் அங்கேயே முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பதினாறில் வருவதே உண்மையான சங்கீதம், மற்றது மிஷின் கோளாறு. இருபத்து மூன்று கையும் உயர்ந்தன. முழங்காலைப் பிடித்திருந்தவர் மட்டும் ஒரு கையைத்தான் விட்டார். பதினோரு வருஷம் அழுத அழுகை கோழிக்குப் போய்ச் சேர்வதை எந்தச் சங்கமும் ஒப்புக்கொள்ளாது. இரண்டாவது தீர்மானம், பெட்டியைச் சங்கத்துக்கு எடுத்துக்கொள்வது.

"பெட்டி எங்க வூட்டுது," என்றாள் கஸ்தூரி. அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து சுப்புராயனின் கையில், ஜெனரல் குலுக்கிய அதே கையில், வைத்தாள். "உங்களுக்கு வேண்டியது இதான். மே மாசம் சுரண்டின சந்தனம். பத்திரமா எடுத்துக்கினு போங்க."

அதன் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை கனி வந்து, பாட்டுக் கேட்காமலே திரும்பிப் போனார். உலகநாதன் பெட்டியைத் திறக்கவில்லை. வளையம் போனதை அவர் இரண்டாம் நாளே ஜீரணித்துவிட்டார். டாக்சிக்கு நடந்து போன தையலம்மாளின் முதுகுதான் அவரை விடவில்லை. முசியே என்று கூப்பிட்டவர்களிடம், "பேரச் சொல்லிக் கூப்பிடுங்கய்யா," என்று எரிந்து விழுந்தார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, கனி வந்து உட்கார்ந்த நேரத்தில், வாசலில் டாக்சி நின்றது. தையலம்மாள் தனியாக இறங்கி வந்து, கூடத்தில், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"வாங்கக்கா," என்றாள் கஸ்தூரி பயத்தோடு.

"அந்தப் பாட்டப் போடு, உலகநாதா. இன்னா வேகமோ அந்த வேகத்துல போடு."

"மதாம், இந்தப் பாட்டு எப்பிடின்னா, அந்த மலைப் பக்கத்துல..."

"வாய மூடிக்கினு போடு."

போட்டார். பாஞ்சோ கொட்டியது. தையலம்மாளின் முகத்தில் எதுவும் அசையவில்லை. பாட்டு முடிந்ததும் கனியைப் பார்த்து, "இன்னா சொல்றான்?" என்றாள்.

கனி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "கோழியத் தேடிக்கினு வூடு வூடாப் போறான், மதாம். கூடவே அவங்க ஊரு பாதிரியாரும் சேந்து தேடுறாரு. கடைசில பார்த்தா பாதிரியார் வூட்லேர்ந்துதான் கொழம்பு வாசம் வருதுன்றான்."

தையலம்மாள் முந்தானையை வாயில் வைத்தாள். தோள் குலுங்கியது. கஸ்தூரி பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தாள். அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"ஒரு தபா லீவுல வந்தப்ப," என்றாள், மூச்சு வாங்க, "எதுத்த வூட்டு சேவலப் புடிச்சி அடிச்சிட்டாரு அந்த மனுஷன். அவங்க தேடறப்போ, யூனிஃபாரம் மாட்டிக்கினு கூடவே போயி தெருத் தெருவாத் தேடினாரு. நான் உள்ள கொழம்பக் கெளறிக்கினு நடுங்கினு கெடக்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாட்டு சரியான பாட்டுதான். வேகந்தான் தப்பு."

உலகநாதனுக்கு மூன்று வாரமாக மார்பில் அடைத்திருந்தது இறங்கியது. அது இறங்கின கையோடு பழைய ஆசை மெல்லத் தலை நீட்டியது. "அப்ப, மதாம், அந்தத் தலைவர் பதவி..."

"அது சுப்புராயனுக்குத்தான். அழுவறதுக்கு அவன்தான் லாயக்கு." அவள் கால்களை நீட்டி வசதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நீ இன்னொரு தரம் போடு."

உலகநாதன் முள்ளைத் தூக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார்.